சிரிப்பு காட்டி ஹெல்த் இன்சூரன்ஸ் விற்கலாமா?

27 செப்டம்பர் 2025, காலை 9.10 (வாசகர் கேள்வி)

மாமனாருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். நேற்று ராத்திரி டிவியில் ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் விளம்பரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கிற ஆள் பில்லைப் பார்த்ததும் மறுபடி மயங்கி விழுகிறார். பின்னாலேயே தவில் சத்தம். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். நோய், ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் மூன்றிலும் நகைச்சுவை விளம்பரமே கூடாது, தடை போட்டால்கூடத் தப்பில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

27 செப்டம்பர், இரவு 10.40

மறுக்கிறேன். உங்கள் வீட்டம்மா எழுந்து போனது எனக்குப் புரிகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் ஆறு வருஷம் சென்னையில் எஃப்.எம். வானொலிக்கு விளம்பரம் எழுதியவள். இப்போது ஒன்பது வருஷமாக நெல்லைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பாலிசி எப்படி விற்கப்படுகிறது, கடைசியில் எப்படித் திறக்கப்படுகிறது, இரண்டையும் பார்த்தாயிற்று.

ஏஜென்ட் ஒரு வீட்டுக்குப் போய் "ஒருவேளை உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா" என்று வாயைத் திறந்தால் போதும். உள்ளேயிருந்து ஆச்சி குரல் வரும்: "வெளக்கு வைக்கிற நேரத்துல அச்சானியமாப் பேசாதீங்க." பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பு உண்டு, அதைப் பற்றிப் பேச மட்டும் வழி கிடையாது. பயமுறுத்தும் விளம்பரம் வந்தால் ரிமோட்டை எடுப்பார்கள். சிரிப்பு ஒன்றுதான் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகிறது.

நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" சுவர், பஸ், போஸ்டர் என்று எங்கே பார்த்தாலும் அந்த ஒரு கேள்விதான். யார் அந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் வாக்குவாதம். எய்ட்ஸ் என்ற சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்கவே முடியாத காலம் அது. அந்தச் சொல்லை ஊர் வாயில் போட்டது அந்த விழிப்புணர்வு விளம்பரம்.

28 செப்டம்பர், காலை 7.15

ஒரு திருத்தம். புள்ளிராஜா நம்ம ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. மும்பையில் முதலில் "பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா" என்று இந்தியில் வந்தது. இங்கே வந்தபோது ஆளும் பெயரும் மாறின.

இன்னொன்றும் ராத்திரி படுத்தபிறகு நினைவு வந்தது. எங்கள் கல்லூரியில் ராஜா என்று பெயர் வைத்த ஒரு பையன் இருந்தான். மூன்று மாதம் அவனை விடவில்லை. "வருமா வருமா" என்று கேட்டே ஓட்டினார்கள், நானும் சேர்ந்துதான். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், பிறகு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டான். நேற்று அந்த விளம்பரத்தைப் புகழ்ந்து எழுதியபோது இதை ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. ஊர் வாயில் போட்ட சொல் ஒருத்தன் தலையில் போய் விழுந்ததும் அந்த விளம்பரத்தின் விளைவுதான்.

28 செப்டம்பர், இரவு 11.05

"சிரித்துவிட்டுப் போவார்கள், யாரும் வாங்க மாட்டார்கள்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். விளம்பரம் எழுதிய காலத்தில் நான் மிக உன்னிப்பாகக் கவனித்த சம்பவம் அது.

ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டப்படி மக்கள் பாலிசி வாங்க ஹெல்த்கேர்.கவ் என்ற இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. திறந்த அன்றே படுத்துவிட்டது. முதல் நாளில் முழுதாகப் பதிவு முடித்தவர்கள் நாடு முழுக்க 6 பேர். பல வாரம் போராடித்தான் அதைச் சரி செய்தார்கள். ஆனால் அதற்குள் இளைஞர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார்கள். இளைஞர்கள் சேராவிட்டால் திட்டமே நிற்காது. நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் கட்டுகிற பிரீமியத்தைவிடப் போகிற கிளைம் அதிகமாகும், பிரீமியம் ஏறும், ஏறினால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், விலகினால் இன்னும் ஏறும். எந்த ஊர் இன்சூரன்ஸுக்கும் இதுதான் கணக்கு.

2014 மார்ச் 11 அன்று ஒபாமா ஒரு இணைய நகைச்சுவைப் பேட்டியில் போய் உட்கார்ந்தார். இரண்டு பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு மட்டமான மேடை. பேட்டி எடுப்பவர் ஸாக் கலிஃபியனாகிஸ். வந்த விருந்தாளியை அவமானப்படுத்துவதுதான் அந்த நிகழ்ச்சியின் பாணி. ஜனாதிபதியும் வாங்கிக் கட்டிக்கொண்டார், திருப்பியும் கொடுத்தார், நடுவில் இணையதளத்தின் பெயரைச் சொன்னார். மறுநாளுக்குள் அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை சுமார் 40 சதவீதம் கூடியது. பதிவுக்குக் கடைசி நாள் மார்ச் 31. ஏப்ரலில் 80 லட்சம் பேர் சேர்ந்ததாக அறிவித்தார்கள். முழுதும் அந்த வீடியோவால் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இருபத்தைந்து வயதுக்காரனை அந்தப் பக்கத்தைத் திறக்க வைத்தது சிரிப்புதான்.

அதில் நான் கவனித்தது வேறு. அந்தப் பேட்டி முழுவதிலும் ஒரு நோயாளிகூடக் கேலிக்கு ஆளாகவில்லை. அடி வாங்கியவர் நாட்டின் ஜனாதிபதி. இதே பேட்டி அக்டோபரில், தளம் படுத்திருந்தபோது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கிறேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனவன் பூட்டிய கதவில் முட்டிக்கொண்டு திரும்பியிருப்பான். மினசோட்டா மாநிலத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. அவர்கள் நாட்டுப்புறக் கதையில் வரும் பால் பன்யன் என்ற ராட்சத மரவெட்டியை வைத்து அழகான விளம்பரங்கள் எடுத்தார்கள். தண்ணீரில் சறுக்கிப் போய் மரத்தில் மோதிக்கொள்வார், ஆகவே காப்பீடு எடுங்கள் என்று முடியும். விளம்பரம் பிரமாதம். மாநிலத்தின் தளம் திணறியது. கடைசியில் பத்திரிகைகள் அதே பால் பன்யனை வைத்துத் தளத்தைக் கிண்டல் செய்தன.

29 செப்டம்பர், மதியம் 1.30

வாத்து வரும் அமெரிக்க இன்சூரன்ஸ் விளம்பரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அஃப்லாக். ஜார்ஜியா மாநில நிறுவனம். 2000-இல் வாத்து வந்தது. பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபோது வாத்து கத்துவது போல இருந்ததாம், அதையே பிடித்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாத நிறுவனத்தை ஒரு வாத்து நாடு முழுக்கத் தெரிய வைத்தது.

ஆனால் 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது, அந்த வாத்துக்குக் குரல் கொடுத்த நடிகர் கில்பர்ட் காட்ஃப்ரீட் சுனாமியை வைத்து ட்விட்டரில் துணுக்குகள் போட்டார். அந்த நிறுவனத்துக்குப் பெரிய வியாபாரமே ஜப்பானில்தான், 1974 முதல் அங்கே புற்றுநோய்ப் பாலிசி விற்கிறார்கள். உடனே அவரை நீக்கினார்கள். வாத்து போகவில்லை, குரல் மட்டும் மாறியது. 2018-இல் அதே வாத்தைப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கான ரோபோ பொம்மையாகச் செய்தார்கள். குழந்தை தன் மனநிலையை அந்த வாத்துக்குச் சொல்லலாம், அதுவும் அதே மாதிரி நடந்துகொள்ளும். கேள்வி கேட்டவர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்: விளம்பரத்தில் சிரிப்பு காட்டிய பிராணி குழந்தைகள் வார்டுக்குள் போக முடிந்தது. அது ஒருநாளும் நோயாளியைப் பார்த்துச் சிரித்ததில்லை.

30 செப்டம்பர், இரவு 12.20

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

சென்னையில் இருந்தபோது ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்சிக்காக இருபது விநாடி வானொலி விளம்பரம் எழுதினேன். மாமியாருக்கு முட்டு வலி, உட்கார்ந்தால் "அய்யோ", எழுந்தால் "அம்மா". மருமகன் சொல்வான்: "கார்டை நீட்டுங்க அத்தை, கரகாட்டம் ஆடலாம்." பிறகு கரகாட்ட மேளம். கடைசி நான்கு விநாடியில் விதிமுறைகளுக்கு உட்பட்டது என்ற வாசகம், யாருக்கும் புரியாத வேகத்தில். நன்றாக ஓடியது. ஆட்டோக்காரர்கள் சொல்லிச் சிரித்ததைக் காதாலேயே கேட்டிருக்கிறேன். எனக்குச் சம்பளம் உயர்ந்தது.

சில வருஷம் கழித்து இந்த மேசைக்கு வந்தேன். ஒருநாள் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு முட்டும் தேய்ந்து, அந்த அம்மா சுவரைப் பிடித்துத்தான் நடந்தார்கள். பாலிசி எடுத்துப் பதினான்கு மாதம். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு அந்தப் பாலிசியில் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். ப்ரீ-ஆத் (இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி கேட்பது) அனுப்பினேன், மறுப்பு வந்தது. அவரிடம் சொன்னேன். கத்தவில்லை. "மேடம், ரேடியோவுல கார்டை நீட்டுங்கன்னுதான சொன்னாங்க. அதக் கேட்டுதான் அத்தைக்குப் போட்டேன்" என்றார். அந்த அம்மா, "விடுங்க மாப்ள, இந்தக் காலுக்கு இவ்வளவுதான்" என்று சொல்லி எழுந்திருக்கப் பார்த்தார்கள். எழுந்தபோது "அய்யோ" என்றார்கள். நான் எழுதின அதே "அய்யோ".

அதை எழுதினது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தோட்டத்தை ஒத்திக்கு வைத்து ஒரு காலுக்கு மட்டும் ஆபரேஷன் செய்துகொண்டு போனார்கள்.

அந்த விளம்பரத்தில் ஒரு பொய்கூட இல்லை. கார்டை நீட்டினால் பணம் கிடைக்கும், இரண்டு வருஷம் கழித்து. அந்த இரண்டு வருஷத்தை நான் நான்கு விநாடிக்குள் ஒளித்து வைத்தேன். மேளச் சத்தத்தில் அது கேட்காது என்பது எனக்கு அன்றே தெரியும்.

30 செப்டம்பர், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. ஆறுதல் சொன்னவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எனக்கு ஆறுதல் வேண்டாம், பாலிசி வைத்திருப்பவர்கள் இன்றே சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-இல் விதிகளை மாற்றியது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 4 வருஷமாக இருந்தது 3 வருஷமானது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரலாம், முன்பு 15 நாள். 2024 ஜனவரி முதல் வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். என்ன உண்டு, என்ன இல்லை, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழில் தர வேண்டும். என் மேசைக்கு வருகிறவர்களில் அதைக் கேட்டு வாங்கியவர் என்று ஒரு கை விரலுக்குள்தான் எண்ணிச் சொல்ல முடியும். சிரிப்புக் காட்டுவது தமிழில், நிபந்தனை மட்டும் இங்கிலீஷில் என்றால் அது நியாயமே இல்லை.

ரூம் வாடகை பற்றிக் கேட்டவருக்கு: 3 லட்சம் பாலிசி, ஒரு நாள் வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் பாதி மட்டும் போவதில்லை. சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டலாம். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, ஸ்கேன் பரிசோதனைகள் இவற்றில் வெட்டக்கூடாது. அட்மிஷன் போடும் நேரத்தில் "ஏசி ரூமா, சாதாவா" என்று கேட்பார்களே, அந்த ஒரு கேள்வி லட்ச ரூபாய்க் கேள்வி.

1 அக்டோபர், காலை 6.50

விளம்பரம் சீரியஸாக இருந்தால் நோயாளிக்கு மரியாதை என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்ல முடியாது.

2012 முதல் தியேட்டரில் படத்துக்கு முன்னால் புகையிலை எச்சரிக்கை போட வேண்டும் என்று விதி வந்தது. வாய்ப் புற்றுநோயில் 24 வயதில் இறந்துபோன ஓர் இளைஞர் தன் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர் யாருமில்லை. அதில் ஒரு துளி நகைச்சுவை இல்லை. தியேட்டரில் என்ன நடந்தது? கூட்டம் மொத்தமும் அவர் குரலில் சேர்ந்து சொல்லிச் சிரித்தது. செத்துப்போன ஒரு பிள்ளையின் கடைசிப் பேச்சு. எடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எடுத்தார்கள். ஆனால் தாங்க முடியாத ஒன்றை மாற்றமே இல்லாமல் நூறு தடவை காட்டினால் ஜனங்கள் தப்பிக்க வழி தேடுவார்கள், கையில் அகப்பட்டவரைச் சிரிப்பாக்கிவிடுவார்கள்.

சிரிப்பு எப்படியும் வரும் என்றுதான் நினைக்கிறேன். அது யார்மேல் விழ வேண்டும் என்று எழுதுகிறவர் முன்னாலேயே தீர்மானிக்க வேண்டும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் புத்திமேல் விழலாம். பாரத்தில் ஒரே பெயரை ஏழு இடத்தில் எழுதச் சொல்லும் எங்கள் மேசைமேல் தாராளமாக விழலாம். முட்டு வலிக்கிற அம்மாமேல் விழக்கூடாது. பில்லைப் பார்த்து மயங்குகிறவர்மேலும் விழக்கூடாது. அப்படி மயங்கினவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டம்மா எழுந்து போனது சரிதான். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தடை கேட்பதற்குப் பதில் அந்த விளம்பரத்தைப் பற்றி விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். 1985 முதல் இருக்கிறது, தனி ஆள் புகாரையும் எடுத்துக்கொள்வார்கள்.

1 அக்டோபர், இரவு 10.15

"அப்படியானால் நிபந்தனையையும் சொல்லி, சிரிக்கவும் வைத்து ஒன்று எழுதிக் காட்டுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதினேன். வருஷக் கணக்கில் எழுதாத கை.

*"அண்ணாச்சி, வணக்கம், சௌக்கியமா?"*
*"இருக்கேன்டே, என்ன விசேஷம்?"*
*"நேத்துதான் ஹெல்த் பாலிசி போட்டேன். நாளைக்கு முட்டு ஆபரேசன். கார்டை நீட்டினாப் போதும்லா?"*
*"ஏலே, நேத்து வச்ச தென்னம்பிள்ளையில நாளைக்கு இளநி வெட்டப் போறியா?"*
*"அப்போ எப்பம் வெட்டலாம்?"*
*"முட்டு, கண்புரை, குடலிறக்கம், இதுக்கெல்லாம் ரெண்டு வருசம் பொறு. விபத்துன்னா முதல் நாளே உண்டு. வலி வந்த பொறவு நடாத, இப்பமே நடு."*

2 அக்டோபர், காலை 8.30

தென்னை காய்க்க ஐந்து வருஷம் ஆகும், கேட்கிறவர் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்று நினைப்பார் என்கிறார் ஒரு விவசாயி. கொய்யாப் பதியன் என்றால் இரண்டாம் வருஷமே காய்க்கும், அதைப் போடுங்கள் என்கிறார். அவர் சொல்வது உண்மை. ராத்திரி முழுக்கக் கொய்யாவை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். "கொய்யா பறிக்கப் போறியா" என்றால் சிரிப்பு வரவில்லை. நாளைக்கே இளநி வெட்டுகிற அவசரம் கொய்யாவில் இல்லை. ஆகவே தென்னையே இருக்கட்டும். வருஷக் கணக்கை அடுத்த வரி வாய்விட்டுச் சொல்கிறதே.

2 அக்டோபர், மாலை 5.40

இடையில் ஜிஎஸ்டி பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீதம் இருந்தது செப்டம்பர் 22 முதல் சுத்தமாக இல்லை. அலுவலகம் எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு இது கிடையாது. இப்போது எல்லா விளம்பரமும் இந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் விளையாடுகின்றன. விலை குறைந்தது நல்லது. காத்திருப்புக் காலம் குறையவில்லை.

5 அக்டோபர், இரவு 11.30

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் ஏஜென்ட் தம்பி ஒருவர் தென்னம்பிள்ளையைப் படித்துவிட்டு, உள்ளூர் கேபிளிலும் ஆட்டோ ஸ்பீக்கரிலும் போடலாம் அக்கா, எழுதிக் கொடுங்கள் என்றார். காசு வேண்டாம் என்று கொடுத்தேன். இன்று சாயங்காலம் போன் செய்தார். இருபது விநாடிக்கு மேல் போகிறது, "ரெண்டு வருசம் பொறு" வரியை எடுத்துவிடலாமா, இளநி வரியிலேயே சிரிப்பு முடிந்துவிடுகிறதே என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. நானும் அந்த வயதில் அதைத்தான் வெட்டியிருப்பேன்.

கடிகாரத்தை வைத்து நாலு தடவை வாய்விட்டுப் படித்தேன். முதலில் வரும் வணக்கம், சௌக்கியம், விசேஷம் மூன்றையும் எடுத்தால் நேரம் சரியாக இருக்கிறது. அண்ணாச்சி குசலம் விசாரிக்காமல் பேசுவது நம்ம பக்கம் கொஞ்சம் முரடாகத்தான் கேட்கும், பரவாயில்லை. தம்பிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன், ரெண்டு வருசம் இல்லாவிட்டால் என் எழுத்தைப் போடாதீர்கள் என்றும் சேர்த்து எழுதினேன். வியாழக்கிழமை பதிவு செய்கிறார்களாம். அண்ணாச்சி குரலுக்கு வில்லுப்பாட்டு பாடுகிற ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள். நான் நேரில் போகிறேன்.